நெருப்பு கேட்பவன்

பதினெட்டு என்றேன் உச்சிப்புளி டாக்டரிடம்.
சகாயமேரி குறுக்கே புகுந்து
இருபத்திரண்டு என்றாள்.
இரண்டும் பொய்யில்லை.
ஓசியில் இழுப்பதை
நான் என் கணக்கில் சேர்ப்பதில்லை.

மண்டபம் ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை.
அமோனியா ஓடும் குழாய்க்குப் பக்கத்தில்
தீக்குச்சி உரசக் கூடாது.
மணிக்கொரு தரம் வெளியே வந்து
கடலுக்கு முதுகைக் கொடுத்து
கைகளைக் குவிப்பேன்.
கச்சான் வீசும்போதும்
ஒரே குச்சியில் பற்றவைப்பேன்.
எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

வேதாளை சீனி நைனா
ஷார்ஜாவிலிருந்து வந்தான்.
பேரீச்சம்பழத்துக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே
கைலியில் சுருட்டி
விரல் நீளத்தில் ஒன்று.
வேப் என்றான்.
இங்கே விற்கக் கூடாது, வெளியே காட்டாதே என்றான்.
உறிஞ்சினால் முனையில் நீலமாய் ஒரு பொட்டு வெளிச்சம்.
முதலில் மாம்பழம்,
பின்னாலேயே ஐஸ்.
விடிய விடிய ஐஸ் உடைக்கிறவனுக்கு
கடல் கடந்து வந்த ஐஸ்.

ஒரேயடியாக வெட்டி இழுக்காதே,
தூண்டிலில் பாரை மாட்டினால் என்ன செய்வாய்,
விட்டுப் பிடி என்றான்.

முதல் வாரம்
டீக்குப் பிறகு வருவதை விட்டேன்.
அடுத்து, காலையில் கக்கூசுக்குள் இழுப்பதை.
வயிறு மூன்று நாள் பேசவில்லை.
சட்டைப் பையில் பாக்கெட்,
இடுப்பு மடிப்பில் வேப்.
ரெண்டு குடும்பக்காரன் மாதிரி
எங்கே போனாலும் எதையோ தடவிக்கொண்டு நடந்தேன்.

சித்திரை பிறந்ததும் தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடந்தன.
ஐஸ் கேட்க ஆளில்லை.
அரைச் சம்பளம், முழுப் பகல்.
ஒருநாள் சாயங்காலத்துக்குள் பத்தொன்பது.
கடல் வற்றிப் பெருகுவதில்லையா என்றேன்.
கடல் இருமுவதில்லை என்றாள் சகாயமேரி,
நெத்திலியைத் தலை கிள்ளியபடி.

பிறகு ஒன்பது. பிறகு பதினொன்று.
கரண்ட் போன ஒரு ராத்திரி
வேப் செத்துக் கிடந்தது.
அன்றைக்கு எண்ணவில்லை.

ஆனியில் படகுகள் கிளம்பியபோது
ஒன்றில் வந்து நின்றிருந்தேன்.
அந்த ஒன்று நம்புவேலுக்கானது.

பதினோரு வருடமாக
ஐஸ் ஏற்ற வருவான், விடியப் போகிற நேரம்.
அண்ணே, நெருப்பு.
என் சிகரெட் நுனியில் அவன் பீடியை வைப்பான்.
காற்றுக்குச் சுவராக இரண்டு தலை.
அந்த நாலு மூச்சுக்குள்தான்
மகள் நர்சிங் சேர்ந்ததைச் சொன்னான்.
தம்பியை யாழ்ப்பாணத்தில் வைத்திருப்பதைச் சொன்னான்.
தலையை எடுத்துவிட்டால்
ஐஸ் எத்தனை கட்டி என்பதோடு சரி.

ஒருநாள் அந்த ஒன்றும் பையில் இல்லை.
அண்ணே, நெருப்பு என்றான்.
வேப்பை நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
இதுல எப்படிண்ணே பத்த வைக்கிறது?
சிரித்தான்.
சிரித்துக்கொண்டே
வலைக்காரர்கள் நின்ற பக்கம் போனான்.

மறுநாள் தீப்பெட்டி வாங்கினேன்.
சிகரெட்டோடு சேர்த்து வாங்காத
முதல் தீப்பெட்டி.
கடைக்காரர் கையைப் பாக்கெட் பக்கம் கொண்டுபோய்
என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

இப்போதும் குச்சி உரசி
கைகளைக் குவிக்கிறேன் அவன் பீடிக்கு.
தலை முட்டுகிறது.
தம்பி அடுத்த வாரம் வந்துவிடுவானாம்.
அவன் விடும் புகை என் முகத்தில் மோதும்.
கொஞ்சம் உள்ளே போகும்.
அதையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாம்பழம் அடியில் ஒரு சொட்டுதான் மிச்சம்.
நைனா வரப் பெருநாள் ஆகும்.
இதை எப்ப விடுவீங்க என்கிறாள் சகாயமேரி.
எதை என்று கேட்டேன்.
முறைத்தாள்.

நேற்று ஐஸ் அறைக்குள் போய்
கதவைச் சாத்திக்கொண்டு
வெறும் வாயால் ஊதினேன்.
வெள்ளையாய் வந்தது.
இன்னொரு தரம் ஊதினேன்.
வெளியே யாரோ கட்டி கேட்டுக் கதவைத் தட்டினார்கள்.