புதுவயலில் ஒரு சேவல்

அரிசி ஆலைகள் ஓய்ந்த இரவில்
ஹெட்செட் மாட்டி உள்ளே போனேன்.
அங்கே எனக்கு நரையில்லை, மூட்டுவலியில்லை;
நடக்கத்தான் வரவில்லை.
பயிற்சிக்கு வந்த பதினேழு நூலகர்கள் பார்க்க
அலமாரிக்குள் பாதி புதைந்து நின்றேன்.
"பின்னால வாங்க சிகப்பி மேடம், இன்னும் கொஞ்சம்"
என்றது
கூடலூர்ப் பள்ளியிலிருந்து வந்திருந்த மான்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போனேன்.
ஏழாம் வகுப்புச் சேவுகன்,
'உள்ளேன்' சொல்லக்கூட வாய் திறக்காதவன்,
சேவலாய்ப் பறந்து வந்து
என் தலைமேல் உட்கார்ந்து தட்டச்சினான்:
"டீச்சர் பாம்பு புக் இருக்கா
படம் போட்டது"

அங்கே இல்லை.
நான் கட்டிய அலமாரிகளில்
முதுகுகள் மட்டும்தான், உள்ளே தாள் கிடையாது.

திங்கள் காலை நிஜ வாசலில் நின்றான்,
தரையைப் பார்த்துக்கொண்டு.
நானும் பேசவில்லை.
புத்தகத்தை மேசை ஓரம் வைத்துவிட்டுப்
பதிவேட்டைப் புரட்டினேன், வெகுநேரம்.

நிமிர்ந்தபோது அவனும் இல்லை, அதுவும் இல்லை.
தேதி முத்திரை குத்தவில்லை இன்னும்.