மேல்மண் கணக்கு

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மழை.
மூன்றாம் மாடியிலிருந்து என் கோப்பு
ஐந்தாம் முறையாகத் திரும்பி வருகிறது.
"உரிமத்தில் முப்பது மீட்டர்.
குழியில் நாற்பத்தொன்று.
எதைத் திருத்தப் போறீங்க?"
ஷைலஜா மேடம் தலை நிமிரவில்லை.

குழியைத் திருத்த முடியாது.
ஆகவே உரிமத்தைத் திருத்துகிறோம்.

பத்தி நான்கு புள்ளி இரண்டு: மேல்மண்.
வெடி வைக்கும் முன்பே வழித்தெடுத்து
வடகிழக்கு மூலையில் குவித்தது
ஆயிரத்து எண்ணூறு கனமீட்டர்.
மூடும் வருடம் அதைப் பரப்ப வேண்டும்,
இரண்டு ஏக்கர் பாறைப் படிகளில்
ஒரு சாண் கனத்துக்கு.
புங்கன் முந்நூறு. வேம்பு இருநூறு.
அத்தி பன்னிரண்டு, அது நானாகச் சேர்த்தது.
ஐந்து வரைவிலும் எல்லா எண்ணும் மாறியது,
இந்த ஆயிரத்து எண்ணூறைத் தவிர.
மழை கரைக்காத மண்மேடு உண்டா?
அங்கேதான் எனக்கு உறைத்தது.

பாகலூர் தாண்டி,
விமானங்கள் வயிறு காட்டி இறங்கும் பக்கம்.
குழியில் பச்சைத் தண்ணீர்.
மூன்று டேங்கர்கள் குழாய் விட்டு உறிஞ்சுகின்றன.
வடகிழக்கு மூலையில் ஒரு கழற்றிப்போட்ட டயர்,
கொஞ்சம் உண்ணிச்செடி.

வெடிக்காரர் அற்புதராஜ் எங்கள் ஊர், சாம்பியன் ரீஃப்.
"இன்னாம்மா, அந்த மேடா?
அது போயி ரெண்டு வருசம் ஆவுது.
ஹெண்ணூராண்ட பதினாறு மாடி கட்னாங்க இல்ல,
அவங்க தோட்டத்துக்கு.
ராவோட ராவா நூத்தி எம்பது லோடு."

பதினாறு மாடி.
அதில் ஏழாவது என் வீடு.
இருபது வருட இ.எம்.ஐ.

டேங்கர்கள் எங்கே போகின்றன என்று
நான் அவரைக் கேட்கவில்லை.

சயனைடு மேட்டுத் தூசு
ஜூன் காற்றில் சோற்றுத் தட்டில் விழும் ஊரில்
பிறந்தவள் நான்.
மூடல் திட்டம் என்ற சொல்லை
அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
படித்து, அந்தச் சொல்லையே தொழிலாக்கிக்கொண்டேன்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

இரவு பால்கனி.
தோட்டக்காரரிடம் நூறு ரூபாய் கொடுத்து
கீழிருந்து நிரப்பிய தொட்டி.
கறிவேப்பிலை நன்றாகத்தான் வந்திருக்கிறது.
விரலை விட்டுக் கிளறுகிறேன்:
செம்மண், நடுவே காக்காப்பொன்
செல்போன் வெளிச்சத்தில் மினுக்கென்றது.
என் அறிக்கை, பக்கம் பதினொன்று,
மண்ணின் தன்மை என்ற தலைப்பில்
இதே மினுக்கலை விவரித்திருக்கிறேன்.
நன்றாகவே எழுதியிருக்கிறேன்.

குவாரி முதலாளி முனிஷாமி ரெட்டி போனில்:
"எண்ணு அப்படியே இருக்கட்டும் மேடம்,
மண்ணு எங்க போகுது, வாங்கிக்கலாம்."
வாங்கலாம்.
வாங்க இன்னொரு நிலத்தைச் சுரண்ட வேண்டும்.
அதற்கு ஓர் உரிமம்,
அதற்கும் ஒரு மூடல் திட்டம்,
அதையும் எழுத நானே கிடைப்பேன்.

ஆறாம் திருத்தம். இருப்பு: சுழி.
அடித்துவிட்டு எழுந்து போய்
தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
சுழி அங்கேயே இருந்தது.
வரைபடத்தில் குழியும் அதே வடிவம்.

டிபன் டப்பாவில் ஒரு கை மண்,
பரிசோதனைக் கூடத்துக்கு நானே பஸ்ஸில் கொண்டுபோனேன்.
நடத்துனர் கண்ணாடி ஜாடி எதுவும் இல்லையே என்று
மூடியைத் திறக்கச் சொன்னார்.
பார்த்துவிட்டு மூடினார்.

இணைப்பு ஒன்பது. மண் மாதிரி.
நிறம்: சிவப்பு.
எடுத்த ஆழம்: நான்கு விரல்.
எடுத்த இடம்:
ஏழாவது மாடி, கறிவேப்பிலைத் தொட்டி.
எடுத்தவர் கையெழுத்து என்ற கோட்டின் மேல்
மூன்று நாளாகப் பேனா மூடி திறந்தபடி.