ஐம்பது நிமிடம் தள்ளி

சர்வர் மண்டபத்தில்.
நண்டு எடை போடும் கொட்டகை தங்கச்சிமடத்தில்.
நடுவில் கடல்.
அதன் தலைக்கு மேலே இரண்டு தட்டு ஆண்டெனா
ஒன்றையொன்று முறைத்தபடி.

திங்கள் மாலை நாலு பத்துக்கு இணைப்பு அறுந்தது.
பதினாறு நிமிடம். பிறகு தானாகவே வந்தது.
தானாகச் சரியானதை நம்பாதே.
அது போகவில்லை,
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

முதலில் வயரைத்தான் சந்தேகப்படுவேன்.
இந்தக் கரையில் எந்தச் செம்பும்
மூன்று மாதத்தில் பச்சை பூத்துவிடும்.
முனையை வெட்டி, புதிதாய்க் கோத்து,
கிரீஸ் தடவி, சைக்கிள் டியூப் சுற்றினேன்.
செவ்வாய், சரியாக ஐந்து மணி:
"மதீனாக்கா, திரை சுத்திக்கிட்டே நிக்குது"
என்றாள் ஜெனோவா.

பேட்டரி பார்த்தேன். சுவிட்ச் மாற்றினேன்.
ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றியிருக்கக் கூடாது;
சரியாகியிருந்தால்
எது சரிசெய்தது என்று தெரியாமலே போயிருக்கும்.
நல்லவேளை, சரியாகவில்லை.
ஐஸ் பிளாண்ட் மோட்டார் ஓடும் நேரம் கேட்டேன்.
"எல்லாத்துக்கும் நான்தானா கெடச்சேன்?"
அருள்ராயன் போனை வைத்துவிட்டான்.
புதன், ஐந்து ஐம்பது.

அறுந்த நேரத்தில் ஜெனோவா காகிதத்தில் எழுதினாள்,
வந்ததும் ஏற்றினாள்,
பாதியில் நின்றதால் மறுபடி ஏற்றினாள்.
ஒரே கூடை இரண்டு தடவை விற்றது.
அன்றிலிருந்து ரசீது எண்ணைத் தராசே கொடுக்கிறது.
அதே எண் எத்தனை முறை வந்து கதவைத் தட்டினாலும்
தரவுத்தளம் ஒருமுறைதான் திறக்கும்.

வியாழன், தூக்கம் கெட்ட கண்ணோடு
விலைப்பட்டியலில் ஒரு வரி திருத்தப் போய்
'எந்த நண்டுக்கு' என்பதை எழுத மறந்தேன்.
பெரியது, பொடி, கால் ஒடிந்தது,
எல்லாம் கிலோ அறுநூற்று நாற்பது.
பதினொரு விநாடி சமத்துவம்,
என் திரையில் மட்டும்.
இன்னும் உறுதி செய்யாததால் பின்வாங்கிவிட்டேன்.
மாற்றுமுன் எண்ணிப் பார்.
மூன்று வரி என்று நினைத்த இடத்தில்
நாலாயிரம் வந்து நின்றால்
கையை எடு, தண்ணீர் குடி.

அன்று ஆறு நாற்பது.

இரவு பதிவுகளைத் திறந்து
நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்.
நாலு பத்து. ஐந்து. ஐந்து ஐம்பது. ஆறு நாற்பது.
எந்த மோட்டாரும் இப்படி நடப்பதில்லை.
அதிகாலையிலும் அறுந்திருக்கிறது,
யாரும் நண்டு எடை போடாத வேளையில்,
யாரும் போன் செய்யாத வேளையில்.

ஜெனோவா அனுப்பிய நாலு படங்களையும் பெரிதாக்கினேன்.
முன்னால் அதே பிழைச்செய்தி.
பின்னால் ஜன்னல். ஜன்னலில் படித்துறை.
நாலு படத்திலும்
பாசி பிடித்த கடைசிப் படி வெளியே தெரிகிறது.

வற்றம்.

நேராக வரும் அலை ஒன்று,
கடலில் பட்டுத் தெறித்து வரும் அலை ஒன்று.
தண்ணீர் அந்தப் படிக்கு இறங்கும்போது
இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.
ஐந்து நாளாக நான் வயர் வெட்டிக்கொண்டிருந்தது
நிலாவோடு.

வெள்ளி மதியம் கம்பத்தில் ஆளேற்றி
ஒன்றரை மீட்டர் கீழே இன்னொரு தட்டு கட்டினோம்.
மேலது கண்மூடும்போது கீழது பார்த்துக்கொள்ளும்.
ஏழரைக்குத் திரை முன்னால் உட்கார்ந்தேன்.
மேல்தட்டின் கோடு சரிந்தது, தரையைத் தொட்டது.
எடைகள் வந்துகொண்டே இருந்தன:
பதினெட்டு கிலோ இருநூறு. ஒன்பது கிலோ எழுநூறு.
ஜெனோவா கூப்பிடவே இல்லை.
அமைதியைச் சோதிக்க நானே கூப்பிட்டேன்.
"வேலையா இருக்கேங்க்கா."

தடைக்காலத்தில் படகுகள் கரையேறும்போதுதான்
எனக்கும் சர்வரைப் பிரிக்க நேரம் கிடைக்கும்.
பேக்கப்பை வேறொரு பெட்டியில் மீட்டுப் பார்ப்பேன்;
மீட்டுப் பார்க்காத பேக்கப்
நனைத்துப் பார்க்காத வலை.
அதுவரைக்கும் பழுதுப் பதிவேடு காத்திருக்காது.

'காரணம்' என்ற கட்டத்தில் நாலே தேர்வு:
மின்சாரம், வயர், கருவி, மனிதத் தவறு.
ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன், 'கடல்'.
சேர்க்குமுன்
கட்டளையை இரண்டு தடவை படித்தேன்.