எட்டரை மணி மழை

கீழ்க்கோத்தகிரிக்கு அப்பால், எட்டாம் நம்பர் காட்டு மேட்டில்
கம்பி வேலிக்குள் நிற்கிறது மழைமானி.
பதினெட்டு வருடமாகக் காலை எட்டரைக்கு
அதைத் திறப்பவள் நான்.
எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் வேலையில் இது ஓர் உபரி.
சம்பளத்தில் இதற்கென்று ஒன்றும் இல்லை.

கண்ணாடிக் குவளையில் ஊற்றி
நின்றபடி பார்த்தால் தப்பாகக் காட்டும்.
மேலிருந்து பார்ப்பவளுக்கு மழை எப்போதும் கூடுதல்.
குனிந்தால் போதாது. பாவாடை நனைய மண்டியிட்டு
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்க வேண்டும்.
நீர்வளைவின் அடி எந்தக் கோட்டைத் தொடுகிறதோ
அதுதான் கணக்கு.
காலில் அட்டை ஏறினாலும்
அப்புறம்தான் பிடுங்கலாம்.

குன்னூரில் மூன்று நாள் தியான வகுப்பு.
ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையோடு இதையும்
சீட்டெழுதாத குறையாகச் சொல்லியனுப்பினார் டாக்டரம்மா.
மூச்சைக் கவனியுங்கள் என்றார்கள். கவனித்தேன்.
உள்ளே போன மூச்சு
அண்ணன் பெயரோடு வெளியே வந்தது.
தவராசா.
அப்பாவுக்கு மண் போட வராதவன்.
"ரோடு இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தவன்.
மேட்டுப்பாளையம் என்ன தலவாக்கலையா,
கடல் தாண்டி வர?
இந்த ஒரு கேள்வியை ஏழு வருடம்
வெற்றிலைபோல் கடைவாயில் ஒதுக்கியிருந்தேன்.
சாறு வற்றவேயில்லை.

மூன்றாம் நாள் மதியம் தூங்கிவிட்டேன்.
குறட்டை விட்டதாகப் பக்கத்துப் பாய்க்காரி சொன்னாள்.

போன வாரம், பழைய பதிவேடுகளையெல்லாம்
கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார் மேனேஜர்.
பூஞ்சணம் பூத்த அட்டைகள், கரையான் தின்ற ஓரங்கள்.
ஜூன், ஜூலை என்று இறங்கி வந்துகொண்டிருந்தேன்.
நவம்பர் பத்து.
இருநூற்றுப் பதினான்கு புள்ளி ஆறு.
என் கையெழுத்து.
ஆறின் சுழி மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

அப்பாவை லைன் வீட்டு முன்னறையில் கிடத்திவிட்டு
அன்றைக்கும் எட்டரைக்கு மேடேறியிருக்கிறேன்.
பத்துத் தடவைக்கு மேல் குவளை நிரப்பி
பத்துத் தடவைக்கு மேல் மண்டியிட்டு
வானம் இறக்கியதைப் புள்ளி பிசகாமல் எழுதியிருக்கிறேன்.
குறிப்புக் கட்டத்தில், அதே மையில்:
'கீழ் ரோட்டில் இரண்டு இடம் சரிவு. பஸ் இல்லை.'

எழுதியவளும் நான்.
அவன் பொய்யன் என்று ஏழு வருடம்
கல்யாண வீடு, சாவு வீடு பாராமல் சொன்னவளும் நான்.
இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் படுத்து எழுந்தவர்கள்.
ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

டீ ஆறிப்போனது.
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களை
ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது மஞ்சு.
அழுகை வரவில்லை.
அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.
சரிதானா என்று அது கேட்டது.
சரிதான் என்று அழுத்த
இவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைக்கவில்லை.

இன்று காலை மழையில்லை.
இரவெல்லாம் பனி புனலில் வழிந்து
போத்தலின் அடியில்
கவிழ்த்தாலும் விழாத ஈரம்.
இதற்குப் பூஜ்ஜியம் போடக் கூடாது.
அளக்க முடியாதது, ஆனால் இருக்கிறது என்றால்
'சுவடு' என்று எழுத வேண்டும். விதி அப்படி.

மண்டியிட்டபடியே கொஞ்சம் இருந்தேன்.
போத்தலை வைத்துவிட்டு
உள்ளே மிச்சமிருந்ததன் மட்டத்துக்குக் கண்ணை இறக்கினேன்.
போய்விட்டது என்று எழுத ஆசை.
போகவில்லை.
மேலிருந்து பார்த்தபோது
எத்தனை குவளை நிரம்பியது அது!

வேலிக்கு அந்தப் பக்கம் காட்டெருமை ஒன்று
என்னையே பார்த்து நின்றது.
அதன் மூச்சு வெள்ளையாய் வெளியே வந்து
யார் பெயரும் இல்லாமல் கலைந்தது.

எழுந்தபோது எட்டு முப்பத்தெட்டு.
எட்டு நிமிடம் தாமதம்.
அதையும் குறித்தேன்.