இடக்கை முறுக்கு

லாபிஸ் ஆலையில் விடிகாலை மூன்று மணி.
அவிந்த செம்பனைக் குலையின் வாடை
சட்டைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
மெயினை இறக்கிப் பூட்டி
சாவியைப் பையில் போட்டுக்கொண்டு
கிரேன் மேடைக்கு ஏறுகிறேன்.

உச்சிக்குப் போனால் கொக்கி
தானே நிற்க வேண்டும்.
நேற்று நிற்கவில்லை.
உருளையை முட்ட ஒரு சாண் இருக்கையில்
ரஃபிக்குல் சிவப்புக் குமிழை அறைந்தான்.
நேர் கீழே
கூண்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள் இளவழகி.
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

லிமிட் சுவிட்ச் மூடியைக் கழற்றுகிறேன்.
இரண்டு முனைக்கும் குறுக்கே
ஒரு துண்டுச் செம்புக் கம்பி.
எந்த மடையன் என்று வாயெடுத்தவன்
முறுக்கைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

இடப்பக்க முறுக்கு.
இங்கே இடக்கைக்காரன் நான் ஒருவன்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரம்,
வாசல் தாண்டி லாரி வரிசை,
சும்மா சும்மா நின்றுபோகும் கிரேன்.
'இன்னைக்கு மட்டும்.'
சொன்னது மேனேஜரா, நானா?

கம்பி பிடுங்கியாயிற்று. உள்ளங்கையில்
கனமே இல்லை.

"சுடா, பாங்?" கீழிருந்து கேட்கிறான் ரஃபிக்குல்.
புது சுவிட்ச் மாட்டி
மூன்று தடவை ஏற்றி இறக்கினோம்.
மூன்று தடவையும் நின்றது.

பதிவேட்டில்
'காரணம்' என்ற கட்டம் சின்னது.
பேனா இடக்கையில் இருக்கிறது.