உறவு என்கிற கட்டம்

பூசைக் கருத்துக்கு ஐம்பது ரூபாய்.
உபதேசியார் அமலதாஸ்
கார்பன் தாளை நகர்த்திவைத்துக் கேட்டார்:
இறந்தவருக்கா, நோயாளிக்கா, நன்றிக்கா?

உயிரோடுதான் இருக்கிறான் என்றேன்.
நன்றாகவே இருக்கிறான்.
நேற்றுகூட முதுநகர் ரயில்வே கேட்டில் பார்த்தேன்,
புது வண்டி, நம்பர்கூட இன்னும் எழுதவில்லை.

பெயர்?

குலசேகரன்.
ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக
வசவு ஒட்டாமல் வந்தது அந்தப் பெயர்.
பல் கூசியது.

உறவு?

விரல் நகம் அளவுக் கட்டம்.
ஐஸ் பேக்டரியில் கணக்கெழுதும் சம்பளத்தில்
இரண்டாயிரம் இரண்டாயிரமாய்க் கிள்ளி
அவன் கையில் எண்ணிக் கொடுத்தவள் நான்.
சீட்டு என் முறைக்கு வந்த வாரம்
அவன் வாசலில் பூட்டு.
பிலோமியின் நர்சிங் சீட்டும்
அதே வாரம் போனது.
இதற்கு என்ன முறை வரும், உபதேசியாரே,
மாமனா, மச்சானா?

அவனுக்காக நான் ஜெபிக்காத இரவில்லை.
விளங்காமல் போகவேண்டும்,
சோற்றில் மண் விழவேண்டும்,
முழந்தாள் தோல் கன்றிப்போகக் கேட்டேன்.
சுவரில் தொங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு கையிலும் ஆணி,
காதைப் பொத்திக்கொள்ளவும் வழியில்லை அவருக்கு.

நல்லவன் கெட்டவன் பாராமல்
மழை அனுப்புகிறார் பரலோகத் தகப்பன் என்றார்
ஞாயிறு பிரசங்கத்தில் புதுச் சாமியார்.
வெளியூர்க்காரர்.
கடலூர் மழையைப் பற்றித் தெரியாது.
கெடிலம் கதவு தட்டாமல் வரும்,
அடுப்பில் ஏறி உட்காரும்.

அந்தக் கார்த்திகை ராத்திரி
பள்ளிக்கூட மாடியில் எங்களை ஏற்றிவிட்டார்கள்.
விடிந்து பார்த்தால்
இரண்டு பெஞ்சு தள்ளி அவன்.
ஜாமீனில் வந்து பத்து நாள்.
ஈர லுங்கி,
மடியில் காய்ச்சலோடு ஒரு பெண் குழந்தை.

ஒரே அண்டாவிலிருந்துதான் எல்லோருக்கும் கஞ்சி.
என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தான்.
சோற்றில் மண் கேட்டிருந்தேன்.
இரண்டு வீட்டுச் சோற்றிலும் விழுந்திருந்தது.

என் பையில் பாரசிட்டமால் இருந்தது.
கொண்டுபோய்க் கொடுத்தது பிலோமி.
நான் இல்லை.
அதைச் சொல்லிவிட வேண்டும்.

பாக்கியையும் விடவில்லை நான்.
ஸ்டேஷனில் மனு இருக்கிறது, இருக்கட்டும்.
ஜெபம் ஒன்றும் ரசீது அல்ல,
வரவு வைத்துக் கணக்கை முடிக்க.

எனக்குப் பின்னால் ஒருவர்
வருஷ நினைவுப் பூசைக்குக் காத்திருந்தார்.
அமலதாஸ் பேனாவை இரண்டு தரம் தட்டிவிட்டு
அவராகவே எழுதினார்: தெரிந்தவர்.

தெரிந்தவரா?
மூன்று வருஷமாய் அவன் கையெழுத்து தெரியும்,
வண்டிச் சத்தம் தெரியும்,
எந்தக் கடையில் டீ குடிப்பான் என்று தெரியும்.

அந்தக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.
பெயர்?
தெரியாது.
பெயர் இல்லாமல் பீடத்தில் எப்படி வாசிப்பது?
கேட்டு வருகிறேன் என்று இறங்கிவிட்டேன்.

யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்பது
சந்து முனை திரும்பும்போதுதான் உறைத்தது.