இருபத்தேழு

ஜெசிந்தா மேடம் வாணலிக்குள் மீட்டரை விட்டார்.
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி
அடுப்படியே வாயடைத்து நின்றது.
மனகோலம் பிழிந்த கையோடு பாக்கியம்.
சல்லடையோடு நான்.

இருபத்தேழு.

இருபத்தைந்தைத் தாண்டினால்
சாப்பாட்டுக்கு ஆகாது அடைக்கம்மை,
போன வாரம் காகிதம் கொடுத்தேனே, படிக்கலையா?

படித்தேன்.
பச்சைத் தொட்டி ஈரத்துக்கு, நீலம் காய்ந்ததுக்கு.
தேன்குழல் நொறுங்கல் எதில் சேரும் என்று
நானும் பாக்கியமும் அரைமணி வாதாடினோம்.
தொட்டால் காய்ந்தது, பிழிந்தால் எண்ணெய்.
கடைசியில் பின்வாசல் ஆடு தீர்ப்புச் சொன்னது.
நான்காவது பத்தி: பயன்படுத்திய எண்ணெய்.
அது வந்ததும் காகிதத்தை மடித்துக்
கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

சேவுகன் இருக்கிறானே.
செவ்வாய்தோறும் டிவிஎஸ் ஐம்பதில்
நீலக் கேனோடு வருவான்.
லிட்டருக்கு நாற்பத்தைந்து, கையில் காசு.
ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது.
எங்கேப்பா போகுது இதெல்லாம்?
"விளக்குக்கு ஆச்சி. சாமி விளக்குக்கு."
எந்தச் சாமி என்று நான் கேட்டதில்லை.
ஒரு சிலிண்டர் அந்தக் காசில்தான் வீட்டுக்குள் வரும்.

சாக்கடையில் ஊற்றுவதைவிட இது மேல் என்றும்
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.
முன்பு ஊற்றிய ஆள்தான் நான்.
மார்கழிக் குளிரில் செக்காலைத் தெருச் சாக்கடை
மெழுகுவர்த்தி மாதிரி உறைந்து போய்
மண்வெட்டியால் வெட்டி எடுத்தார்கள்.
வெட்டியவர்களுக்கு அதிரசம் கொடுத்தேன்.
யாருடைய எண்ணெய் என்று சொல்லவில்லை.

மேடம் சொன்ன மதுரைக் கம்பெனி
லிட்டருக்கு இருபத்தெட்டுதான் தருமாம்.
பயோடீசல் ஆக்குவார்களாம், லாரி ஓடுமாம்.
ஓடட்டும்.
பதினேழு ரூபாய் குறைந்தால் என் வண்டி எதில் ஓடும்
என்று காகிதத்தில் ஒரு பத்தியும் இல்லை.
பார்க்கலாம் மேடம் என்றேன்.
பார்க்கலாம் என்றால் என்னவென்று
அவருக்கும் தெரியும்.

அந்த வியாழக்கிழமை
கழனிவாசலில் சீர்ப் பலகார டின்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது
மழை பிடித்துக்கொண்டது.
தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினேன்.
ஒரு தள்ளுவண்டி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்,
ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி.

வாழைக்காய்க்கு முன்னால் ஓமம் வந்தது.
ஓமம் போடுவீங்களா என்றேன்.
இல்லைங்க, மாவு, மிளகாய்ப்பொடி, உப்பு என்றார்.
ஓமத்துக்குப் பின்னால் வெல்லம்.
அடிப்பிடித்த வெல்லம்.
போன திங்கள் என் அதிரசச் சட்டியில் கருகியது அது.
பாக்கியத்தைத் திட்டியது கூட ஞாபகம் இருக்கிறது.

எந்தச் சட்டியில் கிடந்தாலும்
என் எண்ணெயை எனக்குத் தெரியும்.

பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை,
நனைந்த ரிப்பன், ஒரு பக்கம் அவிழ்ந்த சடை.
பஜ்ஜியைத் தின்று முடித்து
காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து
எழுத்து தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
தெரிந்தது.
அவ்வளவு எண்ணெய்.

மதுரை வண்டி இருபத்தொன்றாம் தேதி வந்தது.
பதினெட்டு லிட்டர். ஐந்நூற்று நான்கு ரூபாய்.
ரசீதைக் காலண்டர் ஆணியில் குத்தினேன்.
மனகோலத்துக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றினேன்.
இரண்டு வீட்டில் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள்.
மேடம் மறுபடி மீட்டர் விட்டபோது பதினான்கு.
யாரும் கை தட்டவில்லை.
பாக்கியம் மட்டும்
"பாஸ்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை சேவுகன் ஹாரன் அடித்தான்.
இல்லைப்பா என்றேன்.
கேனை ஆட்டிப் பார்த்தான். காலி.
நாக்கு நுனி வரை வந்தது, விளக்கு, சாமி, பஜ்ஜி எல்லாம்.
மூன்று வருஷம் எண்ணி வாங்கிய காசு
தொண்டையில் குறுக்கே நின்றது.
"சரி ஆச்சி" என்று வண்டியைத் திருப்பினான்.

தெருமுனை வரை கூடப் போகவில்லை.
நான்கு வீடு தள்ளி, சிகப்பி வாசலில்
அதே ஹாரன்.
அவளுக்கு இந்த வாரம் சீப்புச் சீடை ஆர்டர்.
எள் போடுவாள்.